எதையெல்லாம் நிறுத்தினீர்கள், தம்பி?

வாசகர் கேள்விகள்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் குழந்தைகளுக்கான உணவியல் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்ற விளாத்திகுளத்துக்காரி பதில் சொல்கிறார்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். எங்களுக்குத் தென்காசிப் பக்கம். இப்போது டர்பனில் இருக்கிறோம். மனைவி நர்ஸ், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். அதனால் வீட்டில் சமையல் என் பொறுப்பு. மகளுக்கு நாலு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது பால் பவுடர் கொடுத்ததும் உடம்பெல்லாம் தடித்து வாந்தி எடுத்தாள். முட்டைக்கும் அப்படித்தான். ஒரு வயதில் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்து, இரண்டும் கூடாது என்று டாக்டர் சொன்னார். போன வருடம் அடிக்கடி வயிற்றுவலி என்றாள். ஒரு மாலில் இருந்த நிலையத்தில், பல உணவுகளுக்கு ஒரே தடவையில் பார்க்கும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனை எடுத்தோம். கோதுமை, சோயா, துவரம்பருப்பு, தக்காளி, வாழைப்பழம் எல்லாம் சிவப்பில் வந்தன. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இப்போது அவள் சாப்பிடுவது வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு சிப்ஸ், ஒரே ஒரு பிராண்ட் மக்காச்சோளப் பொரி, தோல் சீவிய ஆப்பிள், நான் மொறுமொறுவென்று பொரித்துத் தரும் கோழி. வேறு எதைக் கண்டாலும் வாயை இறுக்கிக்கொள்கிறாள். ஒவ்வொரு வேளையும் ஒன்றரை மணி நேரப் போராட்டம். எடையும் ஏறவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "நெய் விட்டுப் பிசைந்து கொடு, நெய்யில் பால் எங்கே இருக்கிறது?" என்கிறார். கடையில் லாக்டோஸ் இல்லாத பால் விற்கிறார்களே, அதைக் கொடுக்கலாமா? காய்கறியை அரைத்துச் சோற்றில் ஒளித்துக் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதையெல்லாம் நிறுத்தினீர்கள் என்பதில் இருந்து நான் ஆரம்பிக்கிறேன். ஏற்கெனவே அஞ்சு பண்டம் சாப்பிடும் பிள்ளையிடமிருந்து, ஒரு காகிதத்தைப் பார்த்து இன்னும் அஞ்சு பண்டத்தைப் பிடுங்கியிருக்கிறோம். அதைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் சமையலுக்கு வருவோம்.

உங்கள் பட்டியலில் இரண்டு வகை இருக்கிறது. பாலும் முட்டையும் ஒரு வகை. சாப்பிட்டதும் தடித்தது, வாந்தி வந்தது, பரிசோதனையும் அதையே சொன்னது. இது நிஜமான அலர்ஜி, இதில் சமரசம் கிடையாது. மற்ற அஞ்சும் மாலில் வாங்கிய வகை. ஐஜிஜி என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு எதிர்ப்புப் புரதம். அது, ஒரு உணவை உடம்பு சந்தித்துப் பழகியிருக்கிறது என்பதைத்தான் காட்டும். தினமும் சாம்பார் சாப்பிடும் பிள்ளையின் ரத்தத்தில் துவரம்பருப்புக்கு ஐஜிஜி இருப்பது இயல்பு. உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனையை நம்பக் கூடாது என்று ஐரோப்பா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று எல்லா இடத்து அலர்ஜி மருத்துவர் சங்கங்களும் சொல்லியாயிற்று. ஆனாலும் மாலில் வியாபாரம் நடக்கிறது. பெற்றோரின் பயத்தைக் காசாக்குகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது.

இன்னொன்று. கோதுமையை அடியோடு நிறுத்திவிட்டதாக நினைக்கிறீர்கள். உங்கள் ரசத்துப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அது சிட்டிகை அளவுதான், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் காகிதத்தில் சிவப்புக் கோடு போட்டவர்கள் இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லவில்லை, பாருங்கள்.

அதற்காக இன்று ராத்திரியே சப்பாத்தி போட வேண்டாம். ஒரு உணவைப் பல மாதம் நிறுத்திவிட்டுத் திடீரென்று கொடுத்தால், அலர்ஜி உடம்புள்ள சில பிள்ளைகளுக்கு முன்பு இல்லாத எதிர்வினை வரலாம். பிள்ளையை ஒரு குழந்தை அலர்ஜி மருத்துவரிடம் கூட்டிப் போய், "இந்த அஞ்சையும் முன்னால் நன்றாகச் சாப்பிட்டாள், எப்படித் திருப்பிக் கொண்டுவருவது?" என்று நேராகக் கேளுங்கள். ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளி விட்டுக் கொண்டுவரச் சொல்வார். கோதுமை குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் இருக்குமோ என்று அவர் சந்தேகப்பட்டால், அதற்கான ரத்தப் பரிசோதனை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம்.

பால், முட்டை பரிசோதனையையும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வயதில் பார்த்ததை வைத்து நாலு வயதில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு அலர்ஜியும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். பச்சையாகவோ காய்ச்சியோ கொடுத்த பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, மாவோடு சேர்த்து ஓவனில் நன்றாக வெந்த பால் ஒத்துக்கொள்கிறது. முட்டைக்கும் அப்படியே. ஆனால் இதை வீட்டில் ஒரு கேக் துண்டை ஊட்டிப் பார்க்கக் கூடாது. டாக்டர் கண் முன்னால் செய்ய வேண்டியது.

வயிற்றுவலிக்கு என் சந்தேகம் வேறு. சோறு, சிப்ஸ், பொரி, தோல் சீவிய ஆப்பிள் என்று சாப்பிடும் பிள்ளைக்கு நார்ச்சத்து எங்கிருந்து வரும்? வெளிக்கு எப்படிப் போகிறாள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இந்த வயதில் அடிக்கடி வரும் வயிற்றுவலிக்கு மலச்சிக்கல் மிகச் சாதாரணமான காரணம். அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

சரி, உங்கள் அம்மாவின் நெய். அம்மாவிடம் கோபப்பட வேண்டாம், அவர் பிள்ளை தேறட்டும் என்றுதான் சொல்கிறார். ஆனால் நெய்யை எவ்வளவு உருக்கினாலும் பால் புரதத்தின் சுவடு கொஞ்சம் தங்கும். அலர்ஜிக்கு அந்தச் சுவடு போதும். லாக்டோஸ் இல்லாத பாலும் கூடாது. அதில் நீக்கியிருப்பது சர்க்கரையை மட்டும்தான், உங்கள் மகளுக்கு ஆகாத புரதம் அப்படியே இருக்கிறது. ஆட்டுப்பால், எருமைப்பால் என்றும் யாராவது சொல்லிக்கொண்டு வருவார்கள். பசும்பால் ஆகாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆட்டுப்பாலும் ஆகாது.

பாலுக்குப் பதில் என்ன? நாலு வயதிலிருந்து எட்டு வயது வரை தினம் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். சோயாவை டாக்டர் திருப்பிக் கொடுத்தால் வேலை பாதி முடிந்தது. கால்சியம் சேர்த்த சோயாப் பாலில் வழக்கமாக 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருக்கும். கால்சியம் அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். அரிசிப் பாலும் பாதாம் பாலும் பார்க்கத்தான் பால், அவற்றில் புரதம் மிகக் குறைவு. அரிசிப் பாலில் ஆர்சனிக் பிரச்சினையும் இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். சாட்ஸ்வொர்த் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் முருங்கை மரம் இருந்தால் கீரை இலவசம். மீன் அவளுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால், டின்னில் வரும் பில்ச்சர்ட் மீனை முள்ளோடு மசித்து அடை மாதிரி தட்டலாம். அந்த மெத்தென்ற முள்ளில்தான் கால்சியம். இவ்வளவு செய்தும் 1,000 எட்டுவது கஷ்டம். கால்சியமும் வைட்டமின் டி-யும் மருந்தாக வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இனி வாயை இறுக்கிக்கொள்ளும் விஷயம். உங்கள் மகள் சாப்பிடும் அஞ்சையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் வெளிர் நிறம். சோற்றைத் தவிர எல்லாம் கடித்தால் சத்தம் வரும். குழம்பாக, பிசுபிசுப்பாக, ஒன்றோடொன்று கலந்து இருப்பது எதுவும் கிடையாது. அவளுக்குப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அவள் வாய்க்கு எது பழக்கமோ அதைத் தேடுகிறாள். சின்ன வயதில் ஒருமுறை சாப்பிட்டது உடம்பைப் புரட்டிப் போட்டிருக்கிறது. புது உணவைப் பார்த்துப் பயப்பட அவளுக்குக் காரணமும் இருக்கிறது.

ஆகவே மொறுமொறுப்பிலேயே இருங்கள், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். சிப்ஸ் பிடிக்கிறது அல்லவா? அதே நீளத்தில் அமாடும்பே வறுத்து வையுங்கள். நம் சேப்பங்கிழங்கேதான், இங்கே சந்தையில் குவித்து வைத்திருப்பார்கள். நன்றாக வேகவைத்துவிட்டு வறுக்க வேண்டும், இல்லையென்றால் நாக்கு அரிக்கும், அத்தோடு அந்தக் கிழங்கு அவள் வாழ்க்கையில் இருந்து போய்விடும். மக்காச்சோளப் பொரி பிடிக்கிறது என்றால் மீலி மீல் என்ற மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் களி கிண்டி, தட்டில் பரப்பி ஆறவைத்து, விரல் விரலாக வெட்டித் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு முறுக விடுங்கள். 2003 அக்டோபரிலிருந்து இந்த நாட்டில் கடைகளில் விற்கும் மக்காச்சோள மாவிலும் ரொட்டிக்கான கோதுமை மாவிலும் இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ, ஃபோலிக் அமிலம் எல்லாம் சேர்ப்பது சட்டம். சிப்ஸ் மாதிரி இருக்கும், உள்ளே சத்தும் போகும். மீலி ரைஸ் என்று மக்காச்சோளக் குருணை கிடைக்கிறதே, அதில் உப்புமா உதிரியாக வரும். மாபெலே என்பது நம் ஊர்ச் சோளம். எங்கள் விளாத்திகுளம் பக்கத்துப் பாட்டிகளுக்கு அதைக் காட்டினால் இறங்கி அடுப்பு மூட்டிவிடுவார்கள். அந்த மாவைத் தோசை மாவில் கொஞ்சம் கலந்து முறுகலாக வார்க்கலாம்.

தோசை, துவரம்பருப்பு சேர்க்காத அடை, இடியாப்பம், புட்டு, வெண்ணெய் போடாத முறுக்கு. இதில் எதிலும் பால் இல்லை, முட்டை இல்லை, கூட்டுப் பெருங்காயம் போடாவிட்டால் கோதுமையும் இல்லை. ரொட்டியும் சீஸும் சாப்பிடும் வீட்டில் இந்தப் பிள்ளை பிறந்திருந்தால் நிலைமை இதைவிட மோசம். தோசைக்கு முதலில் வெறும் அரிசி உளுந்து. அது பழகியபின் ஒரு கரண்டி கேழ்வரகு மாவு. நிறம் லேசாக மாறும், அவள் கவனிப்பாள். கேட்டால் கேழ்வரகு என்று சொல்லுங்கள்.

இதனால்தான் ஒளித்துக் கொடுக்க வேண்டாம் என்கிறேன். சோறு அவள் நம்பும் உணவு. அதில் கேரட் விழுதை ஒளித்து அவள் கண்டுபிடித்துவிட்டால், கேரட் வராது, சோறும் போய்விடும். அஞ்சு நாலாகிவிடும்.

ஒன்றரை மணி நேரப் போராட்டத்தை இன்றோடு விடுங்கள். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது உங்கள் கையில். சாப்பிடுவதா, எவ்வளவு என்பது அவள் கையில். தட்டில் அவள் கட்டாயம் சாப்பிடும் ஒன்று இருக்கட்டும், புதுசு ஒன்று பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்ச வேண்டாம், போனையும் காட்ட வேண்டாம். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், முகத்தைச் சுளிக்காமல். ஒரு புது உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து தடவை பார்க்க வேண்டியிருக்கும். தொட்டுப் பார்ப்பது, நக்கிவிட்டுத் துப்புவது எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தடவையிலேயே "அவளுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இடையில் பொரிப் பாக்கெட்டும் ஜூஸும் கையில் இருந்தால் எந்தச் சமையலும் ஜெயிக்காது. ஜூஸ் வேண்டவே வேண்டாம், தண்ணீர் போதும்.

நீங்கள் கடிதத்தில் தொடவே இல்லாத ஒன்று: தவறுதலாகப் பால் உள்ளே போய்விட்டால் என்ன செய்வீர்கள்? மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, துவண்டு போனாலோ அட்ரினலின் ஊசிதான் மருந்து. அரிப்புக்குக் கொடுக்கும் சிரப் அதற்கு ஈடாகாது. ஊசி எழுதித் தர வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆம்புலன்ஸ் 10177, கைபேசியில் இருந்து 112. இதைக் கிரெஷ் (குழந்தைகள் காப்பகம்) ஆசிரியை கையிலும் எழுதிக் கொடுங்கள். லேபிள் படிப்பதும் பழக வேண்டும். 2010-ல் வந்த விதிகளின்படி பால், முட்டை, சோயா, வேர்க்கடலை போன்றவை உள்ளே இருந்தால் பாக்கெட்டில் தெரியும்படி எழுத வேண்டும். வே (whey), கேசீன், கேசினேட் என்று இருந்தால் அதெல்லாம் பால்தான். மார்ஜரின், போலனி (பதப்படுத்திய இறைச்சி), மசாலா தூவிய சிப்ஸ், கடையில் பொரித்த கோழியின் மேல்மாவு, இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது, பிள்ளையின் எடையைக் குறித்துவைக்கும் ரோடு டு ஹெல்த் புத்தகத்தை எடுத்துப் போங்கள். எடை ஏறவில்லை என்பது எப்போதிலிருந்து, எவ்வளவு என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும். உணவு திரும்பி வந்த பிறகும் இதே அஞ்சில் நின்றாலோ எடை இறங்கினாலோ, வாய் அசைவையும் உணவுப் பயத்தையும் பார்க்கும் தெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பேரனுக்குப் பால் அலர்ஜி. ஆடி மாதம் மாரியம்மன் கோவில் கூழ் வரும்போது பயமாக இருக்கிறது. கொடுக்கவில்லை என்றால் கோவில் பெண்கள் வருத்தப்படுகிறார்கள். அம்மன் பிரசாதம் ஒன்றும் செய்யாது என்கிறார்கள். (மவுண்ட் எட்ஜ்கோம் வாசகி)

பதில்: அம்மாவுக்கு என் பதில் சுருக்கம்தான். கூழில் தயிரோ, மாஸ் என்ற புளித்த பாலோ ஊற்றுவதற்கு முன்னால் ஒரு சின்னப் பாத்திரத்தில் பேரனுக்குத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெறும் மீலி மீல் கூழும் சின்ன வெங்காயமும் அவனுக்குத் தாராளம். கேட்க வேண்டியது கூழ் கிளறும் ஆளிடம், அதுவும் முதல் நாளே. பரிமாறும் இடத்தில் நின்று கேட்டால் எல்லோருக்கும் சங்கடம். கரண்டியும் தனியாக இருக்கட்டும், தயிர்ப் பானையில் முக்கிய கரண்டி இதில் வரக் கூடாது. இன்னும் நல்லது, அன்று கூழ் கிளறும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மனுக்கு ஒரு குறையும் இல்லை. சர்க்கரைப் பொங்கல், பாயசம், பஞ்சாமிர்தம் மட்டும் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.

கேள்வி: மூத்தவனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. இரண்டாவது பாப்பாவுக்கு இப்போது அஞ்சு மாதம். இவளுக்கு மூணு வயது வரை கடலையே காட்டக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். (லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க்)

பதில்: அது பழைய கணக்கு. இங்கிலாந்தில் நடந்து 2015-ல் வெளியான லீப் ஆய்வில் அலர்ஜி வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளைப் பார்த்தார்கள். முதல் வருடத்திலேயே கடலை சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு, தவிர்த்தவர்களைவிட அஞ்சு வயதில் கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது. தள்ளிப் போடுவதுதான் ஆபத்து. பாப்பாவுக்குக் கடுமையான எக்ஸிமா (தோல் அரிப்பு நோய்) இருந்தாலோ முட்டைக்கு அலர்ஜி தெரிந்தாலோ டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் திட உணவு பழகியதும் வழுவழுப்பான கடலை வெண்ணெயைக் கொதித்தாறிய நீரில் நீர்க்கக் கரைத்து நுனி ஸ்பூனில் ஆரம்பிக்கலாம், பகல் நேரத்தில், உடம்பு நன்றாக இருக்கும்போது. ஒத்துக்கொண்டால் வாராவாரம் தொடர்ந்து கொடுங்கள். முழுக் கடலை அஞ்சு வயது வரை வேண்டாம், தொண்டையில் மாட்டும்.

உங்கள் வீட்டில் சிக்கல் மூத்தவன்தான். பாப்பாவுக்குக் கொடுப்பதை அவன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் கொடுங்கள். கையும் வாயும் மேசையும் சோப்புப் போட்டுத் துடைத்துவிடுங்கள். தண்ணீரில் அலசினால் மட்டும் போகாது.

கேள்வி: பால் குடிக்காத என் பேத்திக்கு மூணு வயது. வெறும் கறுப்பு டீயில் பிஸ்கட் தோய்த்துக் கொடுக்கிறோம். தவறா? (பீனிக்ஸ்)

பதில்: கறுப்பு டீயை நிறுத்துங்கள் ஆயா. சாப்பாட்டில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பையும் அது உடம்பில் ஒட்டவிடாது. கையில் குவளை பிடித்துக் குடிப்பதுதான் பேத்திக்கு ஆசை என்றால் ருய்போஸ் என்ற இந்த நாட்டு மூலிகை டீ கொடுங்கள், அதில் கஃபீன் கிடையாது, இரும்பைத் தடுக்கும் டானினும் குறைவு. சர்க்கரை போட வேண்டாம். பால் ஏன் குடிக்கவில்லை என்று எழுதவில்லையே? பிடிக்காமல் என்றால் தயிர்ச்சோறு போதும். ஆகாமல் என்றால் அந்த பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை உங்கள் மருமகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.